அவளும் வாயு என்றாள்

இதய ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவருக்கு வேறென்ன வேலை? வாரம் ஓர் ஊர் என்று பஸ் ஏறினோம். என் மாத்திரை, சுடுதண்ணீர்ப் போத்தல், கம்பளிச் சட்டை எல்லாம் என் மனைவியின் தோள்பையில். என்னை எதையும் தூக்க விடமாட்டாள்.

அன்று இறம்பொடை அனுமார் கோயில். படியேறும்போது, "மெதுவாப் போங்க, மூச்சு வாங்குதா?" என்று பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள். திடீரென்று குரல் நின்றது. திரும்பிப் பார்த்தேன். படியில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வியர்வை.

"ஒண்ணுமில்லங்க, வாயு. இஞ்சி பிளேன்டீ குடிச்சா சரியாப் போயிரும்."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று காலையில் நான் சொன்னதும் இதே வார்த்தைகள்தாம்.

"எத்தன நாளா?"

"உங்க ஆபரேஷனுக்கு முன்னாலருந்தே."

ஒரு வேன்காரர் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "யாருக்குச் சுகமில்ல?" என்று கேட்டபடி நர்ஸ் ஓடிவந்தார். என் மடியில் தலைசாய்த்திருந்தவள் கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

பிழைத்துக்கொண்டாள். இப்போதும் ஊர் சுற்றுகிறோம். படி வந்தால் அவளை முன்னால் விட்டு, அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஏறுகிறேன்.