தென்னை மறைத்த கோல் கம்பம்

அடைமழைக் காலத்தில் காயாத ஜெர்சிக்கு ஒரு வாடை உண்டு. வியர்வையும் உப்புக்காற்றும் களிமண்ணும் சேர்ந்து புளித்த அந்த வாடை, நான் ஆறாம் வகுப்புப் படித்த ஆண்டு முழுக்க எங்கள் வீட்டு நடையில் கொடி கட்டித் தொங்கியது. அண்ணனை எங்கள் வீடுகளில் "காக்கா" என்போம். என் அன்வர் காக்கா ஊர்க் கல்லூரிக் கால்பந்து அணியின் கீப்பர். "வீட்டுக்குள்ள கருவாடு காயப்போட்ட மாதிரி இருக்கு" என்று உம்மா மூக்கைச் சுளிப்பாள், ஆனால் அந்தச் சட்டையைத் துவைக்க வேறு யாரையும் விடமாட்டாள்.

மைதானம் எங்கள் கொல்லைக்குப் பின்னால்தான். பெண்கள் அங்கே போவதில்லை என்பதால் மொட்டைமாடியே எங்களுக்குக் கேலரி. அதிலும் பக்கத்துத் தோப்புத் தென்னைகள் ஒரு பக்கத்துக் கோல் கம்பத்தை முழுசாக மறைத்துவிடும், ஆகவே எந்த ஆட்டத்திலும் காக்கா எங்களுக்குப் பாதி நேரம்தான் தெரிவார். அணித்தலைவன் செல்வம், மீனவர் தெருப் பையன், இதை அறிந்து டாஸ் ஜெயித்தபோதெல்லாம் இரண்டாவது பாதியில் காக்கா எங்கள் பக்கம் நிற்கும்படி பார்த்துக்கொள்வான். உம்மா மாலை அஸர் தொழுகையை முடித்துவிட்டு மாடி ஏறும் நேரம் அது. அவள் தலை தெரிந்ததும் காக்கா கையுறையை ஒருமுறை உயர்த்திக் காட்டுவார்.

அந்த ஆண்டு அவர்கள் தொட்டதெல்லாம் துலங்கியது. ஆனால் எங்கள் ஊரில் ஜெயிப்பதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. துபாயிலும் சவூதியிலும் கடை வைத்திருந்த "சபராளிகள்" விடுப்பில் வந்து முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "கோல் போட்ட தம்பிக்கு நம்ம கடையில வேலை, விசா நான் தர்றேன்!" என்பார். கைதட்டல் அடங்க நேரமாகும். என்ன கூத்து பாருங்கள், நன்றாக ஆடியவனை ஊரைவிட்டே அனுப்புவதுதான் எங்கள் ஊர் தரும் பெரிய பரிசு!

அந்த மைக் சத்தம் கேட்டாலே உம்மா மாடியைவிட்டு இறங்கிவிடுவாள். வாப்பா ஏற்கெனவே சவூதியில் இருந்தார். விடுப்பில் வந்தால் விருந்தாளியைப் போலத்தான் வீட்டில் நடமாடுவார். காக்காவுக்கோ பட்டம் வாங்கி, உள்ளூர்ப் பள்ளியிலேயே பி.டி. மாஸ்டர் ஆகவேண்டுமென்று ஆசை. "கீப்பருக்கு யாரு விசா குடுக்கப் போறா? அவன் நின்ன எடத்துலயே நிக்கிறவன். அப்படியே நிக்கட்டும்" என்று உம்மா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

அரையிறுதியில் கோல் போட்ட செல்வத்துக்கு விசா கிடைத்தது. இறுதி ஆட்டத்துக்கு முன்பே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். பயணம் சொல்ல வந்தவனை உட்காரவைத்து உம்மா சோறு போட்டாள்.

"டீமை விட்டுட்டுப் போறியேடா" என்றார் காக்கா.

"ஜெயிச்சதாலதானேடா போறேன்" என்றான் செல்வம், தட்டைப் பார்த்தபடி.

தஞ்சாவூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் கோல் போட அவன் இல்லை. எதிரணியைக் காக்காவும் போட விடவில்லை. பெனால்டி வரைக்கும் போய், கடைசி உதையைக் காக்கா பாய்ந்து தடுத்ததில் கோப்பை எங்கள் ஊருக்கு வந்தது. அங்கேயே ஒருவர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

அணியின் வேன் தெருவுக்குள் நுழையும் முன்பே, காக்காவுக்கு விசா என்ற செய்தி வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. பட்டாசும் தப்புச் சத்தமும் காதைக் கிழிக்க, உம்மா வாசலில் நின்று விம்மி விம்மி அழுதாள். "மவன் ஜெயிச்ச சந்தோஷம்" என்றார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள். உம்மா மறுக்கவில்லை. கூட்டம் கலைந்து காக்கா சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கேட்டாள்:

"அந்த ஒரு பந்தையாச்சும் விட்டிருக்கக் கூடாதாடா?"

காக்கா சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. "கை தானாப் போயிருச்சும்மா" என்றார்.

பரீட்சை முடிந்ததும் போனவர் துபாயில் ஒரு மளிகைக் கடையில் நின்றார், இன்னும் நிற்கிறார். உம்மா மவுத்தாகிப் போனபோது, அவர் வந்துசேரும்வரை ஜனாஸாவை அடக்காமல் வைத்திருக்க முடியவில்லை. அவர் வந்து பார்த்தது அவளை அடக்கிய ஈர மண்ணைத்தான். கோப்பை கல்லூரியின் கண்ணாடி அலமாரியில் பளபளவென்று இருக்கிறதாம். இருக்கட்டும், எனக்கு அதன்மேல் ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

அந்தத் தென்னைகளைப் புயல் சாய்த்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை காக்கா வீடியோ காலில் வந்தபோது மாடியில் நின்றிருந்தேன். கிரவுண்டைக் காட்டச் சொன்னார், போனைத் திருப்பினேன். ஆளில்லாத மைதானத்தில் இரண்டு கோல் கம்பங்களும் தெரிந்தன.

"ரெண்டு பக்கமும் தெரியுதேடி" என்றார்.

"ஆமா காக்கா, இப்ப எதுவும் மறைக்கல."

 அவர் முகத்தைப் பார்க்கப் போனை என் பக்கம் திருப்பினேன். அந்தச் சின்னத் திரையில் காக்கா, மாடியைப் பார்ப்பவர் மாதிரி, ஒரு கையை உயர்த்திப் பிடித்திருந்தார்.