வரப்பில் கழற்றிய செருப்பு

சென்னம்மாளின் காலில் எந்தச் செருப்பும் நிற்கவில்லை. ஒரு நாள் காலை வேலைக்குப் போகும்போது இடது செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் பாதி வழி நடந்துவிட்டார். பின்னால் வந்த குள்ளம்மாள்தான் எடுத்து வந்து நீட்டினாள்.

"என்னக்கா, ஒத்தச் செருப்ப ரோட்டுக்குத் தானம் பண்ணிட்ட?"

இருவரும் காரிமங்கலம் பக்கம் மாதையன் தோட்டத்தில் சாமந்தி பறிப்பவர்கள். தோட்டம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் எல்லாவற்றுக்கும் நடைதான். சென்னம்மாளுக்குச் சர்க்கரை வந்து பல வருடம். பாதம் முதலில் எரிந்தது, பிறகு மரத்துப்போனது.

"மெத்துனு, உறுதியா ஒரு செருப்பு வாங்குங்கம்மா" என்றார் தர்மபுரி டாக்டர். "வெறுங்கால்ல நடக்கவே கூடாது. முள்ளு குத்தினாகூட உங்களுக்குத் தெரியாது."

சந்தையில் வாங்கிய ரப்பர் செருப்பு மெத்தென்று இருந்தது. மழைக்காலம் வருவதற்குள் அதன் குதிப்பக்கம் ஓட்டை விழுந்தது. டயர் செருப்பு தேயவில்லை, காலைத்தான் தேய்த்தது. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் மகள் வெண்மதி ஷூ வாங்கி வந்தாள். சேலையும் ஷூவுமாக அம்மா வருவதைப் பார்த்துத் தோட்டமே சிரித்தது.

"போலீஸ்காரம்மா வராங்க, எல்லாரும் ஒழுங்கா பறிங்கடி!" என்றாள் குள்ளம்மாள்.

அன்றோடு ஷூ பரணுக்குப் போனது.

கடைசியில் தர்மபுரிக் கடை ஒன்றில் வெண்மதி சரியான ஜோடியைக் கண்டுபிடித்தாள். கறுப்பு நிறம், விரல் இடுக்கில் வார் இல்லை, குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை, உள்ளே விரல் வைத்தால் அமுங்கும் அடி. சென்னம்மாள் கடைக்குள்ளேயே இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்து பார்த்தார்.

"பிஞ்சிறாதுங்களா?"

"நீங்க மெட்ராஸ் வரைக்கும் நடங்கம்மா, பிய்யாது" என்றார் கடைக்காரர்.

அது உண்மைதான். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டே சமைத்தார். வெண்மதி போனில் தினமும் கேட்பாள்: "செருப்பு போட்டிருக்கியாம்மா?"

"போட்டுட்டுதான் இருக்கன் பாப்பா."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சாமந்தித் தோட்டத்தில் யாரும் செருப்போடு இறங்குவதில்லை; அது சாமிக்குப் போகும் பூ. வரப்போரம் எல்லோர் செருப்பும் கிடக்கும். வெயில் ஏறும்வரை வெறுங்காலில்தான் பறிப்பார்கள். டாக்டர் சொன்னபோதும் மகள் கேட்டபோதும் சென்னம்மாளுக்குத் தோட்டம் ஞாபகத்துக்கே வரவில்லை. நடப்பது என்றால் அவருக்கு ரோட்டில் நடப்பது.

ஆயுத பூஜைக்குப் பூ கேட்டு வியாபாரிகள் நெருக்கிய நேரம். பிடுங்காமல் விட்ட பழைய செடியின் காய்ந்த கட்டை ஒன்று இடது பாதத்தில் ஏறியது. சென்னம்மாள் கூடை நிறையப் பறித்துவிட்டு, வரப்புக்கு வந்து, காயத்தின் மேலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும்.

பூஜை விடுமுறைக்கு வந்த வெண்மதிதான் நாற்றத்தைக் கண்டுபிடித்தாள். செருப்பைக் கழற்றினால், அந்த மெத்தென்ற அடி சீழில் ஊறியிருந்தது.

"எங்கம்மா குத்துச்சு? செருப்பில்லாம எங்க போன?"

"எங்கயும் போவலியே பாப்பா. பூவுக்குத்தான் போனன்."

விரல்களோடு பாதி பாதத்தை எடுத்துத்தான் காலைக் காப்பாற்றினார்கள்.

தை பிறந்ததும் மாதையனே சென்னம்மாள் வீட்டுக்கு வந்தார். "நீ செருப்போடயே எறங்கும்மா. தோட்டத்துக்காரன் நானே சொல்றன். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

குறைந்த பாதத்துக்கு ஏற்ப உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த புதுச் செருப்போடு சென்னம்மாள் ஒரு நாள் வந்தார். பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குள்ளம்மாள் கை கொடுத்தாள். "வாக்கா. நாங்க யாரும் பாக்கல, போதுமா?"

சென்னம்மாள் ஒரு காலைத் தூக்கி ஈர மண்ணில் வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"வேணாம்டி. மனசு வரல."

திரும்பி ரோட்டுப் பக்கம் மெல்ல நடந்தார். அவருக்கென்று விட்டிருந்த பாத்தியையும் சேர்த்து அன்று குள்ளம்மாளே பறித்தாள்.