எல்லாம் கேட்கும்

அந்தக் கடையில் புதுத் துணி தைப்பதில்லை. கடையில் வாங்கிய உடுப்பை உடம்புக்குப் பொருத்துவதுதான் வேலை: பேன்ட் உயரத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, போன ஜிப்பை மாற்றுவது. வணிக வளாகத்தின் அடித்தளத்தில், நகரும் படிக்கட்டுக்குக் கீழே கிடைத்த சந்துதான் கடை. அதற்குள் தையல் மிஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷின், இஸ்திரி மேஜை, திரை போட்ட ட்ரையல் ரூம், முதலாளி, முதலாளியின் தொப்பை எல்லாம் அடங்கியாக வேண்டும். மிச்சமிருந்த மூலையில் ஒரு ஸ்டூல் கிடந்தது. அந்த ஸ்டூலுக்காகத்தான் தையல்காரம்மா அங்கே வேலைக்கு இருந்தாள்.

ஸ்டூலில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவள் அவள் மகள். ஆட்டிசம் உள்ள பெண். பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றாகக் கைவிரித்துவிட்டன. அப்பா அவர்களை விட்டுப் போய் வெகுகாலமாகிறது. வீட்டில் விட்டுவிட்டு வர ஆளில்லை. வெட்டிப்போட்ட துணிக்கரைகளை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக, அம்மாவின் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்தால் அவளுக்குப் போதும். அங்கே இடமில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் அம்மாவுக்கும் பிழைப்பு இல்லை.

முந்தின கடையில் உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். அங்கிருந்த முதலாளியம்மா யோசித்துவிட்டு, "அது ஒட்டிக்குமா?" என்று கேட்டாள். ஒட்டாது என்று எடுத்துச் சொல்லியும், வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதனால் இந்தக் கடைக்கு வந்த அன்று தையல்காரம்மாவுக்கு வாய் வரவில்லை. அவள் தயங்கி நிற்கும்போதே, மகள் தலையில் மாட்டியிருந்த பெரிய காதுமூடியைப் பார்த்துவிட்டு முதலாளி, "காது கேக்காதா? பாவம்" என்று உச்சுக்கொட்டினார். அது கேட்பதற்கு வைத்த கருவி அல்ல, இரைச்சலின் கூர்மையை மழுக்க மாட்டியது. பேச்செல்லாம் அதைத் தாண்டி உள்ளே போகும். தையல்காரம்மா தலையை ஆட்டிவைத்தாள். ஸ்டூல் கிடைத்துவிட்டது.

காது கேட்காது என்றால் இந்த உலகத்துக்கு இரக்கப்படத் தெரிகிறது. எல்லாம் அதிகமாகக் கேட்டு அவதிப்படுகிற பிள்ளையைக் கண்டால் மட்டும் வளர்ப்பு சரியில்லை என்கிறது. தையல்காரம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் பொய் பொய்தான், அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சொல்லப்போனால், நிஜமாகவே தீனிதான் போட்டாள். மகளுக்குத் தானாக வார்த்தை கோத்துப் பேச வராது. கேட்டதை அப்படியே, சொன்னவர் குரலிலேயே, எப்போதாவது திருப்பிச் சொல்வாள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், "நாளைக்கு வாங்க சார், கண்டிப்பா ரெடியா இருக்கும்" என்பாள். முதலாளி புளுகும்போது குரலில் வரும் அந்தக் குழைவுகூடத் தப்பாது. தையல்காரம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறுவாள். கடையில் மகளின் உதடு அசைந்தால் சிரிப்பெல்லாம் வராது. சட்டென்று ஒரு பிஸ்கட்டை எடுத்து அவள் வாயில் வைத்துவிடுவாள். என் பிள்ளை ஒரு வார்த்தை பேசாதா என்று எத்தனை வீடுகளில் ஏங்குகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தாள்.

கடையில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுபவள் கல்யாணமாகிச் சில வருடமான பெண். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் தையல்காரம்மா பாத்திரம் கழுவப் போகும்போது, இவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மகளிடம் கதையளப்பாள். "இவகிட்ட பேசினா மனசு லேசாகுதுக்கா. யார்கிட்டயும் போய்ச் சொல்லமாட்டா பாருங்க" என்பாள். தையல்காரம்மா அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், சீருடைக் கூட்டம். தையல்காரம்மா வாய் நிறையக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, ஒருவரின் பேன்ட் ஓரத்தை முட்டிபோட்டு மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கரண்ட் போனது. நகரும் படிக்கட்டு, விசிறி, மிஷின்கள், மாடியில் அலறிக்கொண்டிருந்த பாட்டு எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. மகளுக்கு அந்த அமைதி பிடித்துப்போயிற்று. காதுமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"உனக்குதான் சொல்றேன். வயித்துல இருந்தது போயிடுச்சு. வீட்டுல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா என் மேலதான் பழி போடுவாங்க."

குரல் ஓவர்லாக்காரியுடையது. கடைசி வார்த்தையில் அன்று அவள் விசும்பியதுகூட அப்படியே வந்தது. வாயில் குண்டூசி இருந்ததால் தையல்காரம்மாவால் கத்தக்கூட முடியவில்லை. ஒவ்வொன்றாகத் துப்பிவிட்டு எழுந்திருப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஓவர்லாக்காரி எழுந்து ட்ரையல் ரூமுக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டாள்.

கரண்ட் வந்து கூட்டம் கரைந்தபின் தையல்காரம்மா உண்மையைச் சொன்னாள். "அவளுக்குக் கேக்கும். நமக்குக் கேக்கிறதைவிட அதிகமாவே கேக்கும். ஆட்டிசம். வேணும்னு சொல்லல, கேட்டது அப்படியே வந்துடும். நான்தான் மறைச்சுட்டேன்."

முதலாளி கெட்டவர் இல்லை, வியாபாரி. "உடுப்பு மாத்துற இடம்மா இது. உள்ள நின்னு ஆயிரம் பேசுவாங்க. அதெல்லாம் வெளிய வந்தா எவன் இந்தப் பக்கம் வருவான்? நாளைலேர்ந்து நீ மட்டும் வா" என்றார். தையல்காரம்மா மகளின் பக்கம் குனிந்தாள். துணிக்கரைகளைப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

திரை விலகியது. ஓவர்லாக்காரியின் முகம் வீங்கியிருந்தது. "அன்னைக்கு நான் அழுதப்ப கையில இருந்த துணியை எனக்குக் குடுத்தா. புரிஞ்சுதான் குடுத்தாளா?"

"தெரியலம்மா. புரிஞ்சிருக்கும்னு நான் நம்பறேன்."

"அவ மேல எனக்குக் கோபமில்ல. நீங்க சொல்லியிருக்கணும்க்கா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாத்துப் பேசியிருப்பேன்." சொல்லிவிட்டு, சட்டைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, மார்க்கர் பேனாவால் ஆத்திரத்தோடு எழுதினாள்: 'இங்கே ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கா. ஆட்டிசம். அவளுக்கு எல்லாம் கேட்கும். பார்த்துப் பேசுங்க.' அதை ட்ரையல் ரூம் திரைக்கு மேலே குத்திவிட்டு முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள். "இப்ப சரியா? இல்ல, நானும் சேர்ந்து கிளம்பணுமா?"

சீருடைச் சமயத்தில் ஓவர்லாக் நின்றுபோனால் கடையை மூடவேண்டியதுதான். முதலாளி அட்டையை மறுபடி மறுபடி படித்தார். "சரி, இருக்கட்டும், பாப்போம்" என்று முனகினார்.

தையல்காரம்மா அக்கடா என்று உட்கார்ந்தாள். இனி பிஸ்கட் தேவையில்லை என்ற நினைப்பே பெரிய நிம்மதியாக இருந்தது. மகளின் உதடு அசைந்தது. கடையில் முதன்முறையாகத் தையல்காரம்மா பிஸ்கட்டை எடுக்காமல், என்னதான் சொல்கிறாள் பார்ப்போம் என்று ஆசையோடு காத்திருந்தாள்.

மகள் பேசினாள். "இவ பொறக்காமலே இருந்திருக்கலாம்க்கா. நானாவது நிம்மதியா இருந்திருப்பேன்."

அது தையல்காரம்மாவின் குரல். சமையலறையில் நின்று போனில் தன் அக்காவிடம் சொன்னது. மகள் அப்போது அவள் காலடியில் உட்கார்ந்திருந்தாள். ஊரிடம் சொல்லிச் சொல்லி, காது கேட்காது என்ற பொய்யை அவளும் நம்பியிருக்க வேண்டும்.

ஓவர்லாக்காரி நிமிராமல் மிஷினை ஓடவிட்டாள், அந்தச் சத்தத்தில் மற்றது மறையட்டும் என்று. தையல்காரம்மா ஸ்டூலுக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். மகளைத் தொடவில்லை, இப்போது தொட்டால் அவளுக்குப் பிடிக்காது. "நான்தான் சொன்னேன் கண்ணு. அம்மா சொன்னது தப்பு. நீ எனக்கு வேணும்."

மகள் அவளைப் பார்க்கவில்லை. துணிக்கரையை விரலில் சுற்றிக்கொண்டே, அம்மாவின் அதே உடைந்த குரலில், "நீ எனக்கு வேணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பொறக்காமலே இருந்திருக்கலாம்க்கா" என்றாள். தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள், "நீ எனக்கு வேணும்."