உபதேசியாருக்கு ஒரு தரை

ஞானதாஸ் இறந்த வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் முதலில் ஓணானைப் பார்த்தார்கள், பிறகுதான் அவரைப் பார்த்தார்கள். டீக்கடையில் பன் வைக்கும் பழைய கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள், குண்டு பல்பின் கீழே அது உட்கார்ந்திருந்தது. முழங்கை நீளம். கழுத்தில் முள்முள்ளாகத் தாடி. ஆஸ்திரேலியா ஓணான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் குனிந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

சோபியா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவருடைய ஒரே மகள். சிவில் டிப்ளமோ படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சோதனைக்கூடத்தில் கட்டடத்துக்கு வரும் மணலையும் ஜல்லியையும் சலித்து எடை போடும் வேலை. தாய் இல்லாதவள். அவளை அழ யாரும் விடவில்லை. டீ ஊற்றச் சொன்னார்கள்.

ஊர் ஞானதாஸை மதித்ததில்லை. ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்துக்கு ஆளும் அரிசி மூட்டையும் ஏற்றிப் போகும் படகை ஓட்டினார். ஆயுள் முழுக்க ஏரித் தண்ணீரின் மேல் இருந்தும் நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை. கேட்டால், "முழுகறவனுக்குத்தான் நீச்சல் வேணும். நான் ஓட்றவன்" என்பார். வலை போடத் தெரியாதவர் என்பது ஊரின் தீர்ப்பு. வலை போட்டவர்கள் என்ன சாதித்துக் கிழித்தார்கள் என்பது சோபியாவுக்குத் தெரியவில்லை.

ஓணானை அவரிடம் விட்டது பறவை எண்ண வந்த ஒரு மாணவன். வாடகை அறையைக் காலி செய்தபோது, "ரெண்டு மாசம் பாத்துக்கோங்கண்ணா" என்று பெட்டியோடு கொடுத்துவிட்டு வெளிநாடு போனான். கொஞ்ச காலம் வாட்ஸ்அப்பில் இதயப் பொம்மை அனுப்பினான். பிறகு அதுவும் நின்றது. படித்தவர்கள் அன்பு அந்த அளவுதான். ஞானதாஸ் கோபப்படவில்லை. அதற்கு உபதேசியார் என்று பேர் வைத்தார். யார் எதிரே வந்தாலும் தலையை மேலும் கீழும் ஆட்டும்; கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரும் அப்படித்தான் ஆட்டுவார், அவருக்கும் தாடி உண்டு. நிஜ உபதேசியார் கோபித்துக்கொண்டு சில நாள் படகில் ஏறவில்லை. அந்த நேரத்துக்கு வேறு படகு இல்லாததால் மறுபடி ஏறினார்.

ஓணானுக்கு முருங்கைக்கீரை, கரப்பான், நல்ல நாளில் கொஞ்சம் கூனி. கூனி என்பது நகக்கண் அளவு இறால். காய்ந்தால் தூசுபோல உதிரும். பெட்டியின் தரைக்கு, படித்து முடித்த பேப்பர். தினமும் காலையில் மாற்றுவார். மகளின் பிறந்தநாளை மறந்த வருஷங்கள் உண்டு. பேப்பர் மாற்ற மறந்த நாள் கிடையாது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "உபதேசியாரப் பாத்துக்கோம்மா" என்றார். மகளைப் பார்த்துக்கொள்ளும்படி அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் அவளுக்குப் பெட்டியைச் சரியாகப் பார்க்க வாய்த்தது. கீரை வாடிக் கிடந்தது. ஓணான் பின்னங்காலை இழுத்து நடந்தது. வயிறு கெட்டியாக உப்பியிருந்தது. எச்சம் எங்கும் இல்லை. தரையில் பேப்பரும் இல்லை. மணல்.

"இன்னா அத்தே இது?"

சூசையம்மாள், ஞானதாஸின் தங்கை, கூனி காயவைத்து விற்பவள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "மணலுடி. நாலு பேரு வந்து போற சாவு வூட்ல பேப்பர் மேல குந்த வெச்சா, கைதி மாதிரி கீது. பாலைவனத்துப் பிராணியாமே. அதான் நான் கூனி காய வெக்கிற எடத்து மணல அள்ளியாந்து போட்டேன். வெயில்ல வெந்த மணலு. ஒரு பூச்சி பொட்டு இருக்காது."

சோபியா ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். உள்ளங்கையில் பரப்பி விரலால் தள்ளிப் பார்த்தாள். மணல், சிப்பி ஓட்டுச் சில்லு, ஊடே கூனித் தூள். சிமென்ட்டில் கலக்கக்கூட லாயக்கில்லாத மணல். அவள் கண்ணெதிரேயே ஓணான் நாக்கை நீட்டித் தரையை ஒரு முறை நக்கியது.

"மணலத் துன்னுகினு கீது அத்தே."

"மணல யாராவது துன்னுவாங்களா?"

"கூனி வாசத்துக்குத் துன்னுது. உள்ள போயி அடச்சிகினு கீது."

"கூனி உள்ள போனா சத்துதானேடி."

"நைனா சேத்து வெச்ச பேப்பர்லாம் எங்க?"

"பழைய பேப்பர்காரன் வந்தான். போட்டுட்டேன். வூடு சுத்தமா கீது பாரு."

சென்னையில் இப்படிப்பட்ட பிராணிகளைப் பார்க்கும் டாக்டர் ஒருவரின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்து வயிற்றை மெல்ல நீவச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் எச்சம் வராவிட்டால் தூக்கிவரச் சொன்னார். வயிற்றைக் கிழித்துப் பார்க்க வேண்டியிருக்கும், பிழைப்பது சந்தேகம். உதிரியாக எதையும் தரையில் போடாதீர்கள், காலை இழுப்பதால் நகரும் பேப்பரும் வேண்டாம் என்றார்.

மணலை வாரிக் கொட்டினாள். வெற்றுக் கண்ணாடியில் ஓணானின் கால்கள் வழுக்கிப் பரப்பிக்கொண்டன. உடனே ஊரில் நிபுணர்கள் முளைத்தார்கள். முதல் நிபுணர் டேவிட் சித்தப்பா.

"உமி போடு. கோழிக்கு அதானே போடறாங்கோ."

"கூர் முனை சித்தப்பா. அதயும் துன்னும்."

"அப்ப படகுப் பட்டறைல மரத்தூள் கெடைக்கும்."

"தூசு. மூச்சுல போவும்."

"பழைய வலைய மடிச்சிப் போடேன்," என்றாள் அத்தை.

"நகம் மாட்டும்."

"அடேங்கப்பா. மருமவனுக்குக்கூட இப்பிடிப் பாத்துப் பாத்துப் பாய் போட மாட்டாங்க."

சித்தப்பாவுக்கு இன்னொரு யோசனை வந்தது. உள்ளே போய் ஒரு காகிதக் கட்டைத் தூக்கி வந்தார். மீந்துபோன கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படத்தில் ஞானதாஸ் சிரித்துக்கொண்டிருந்தார். "பேப்பருதானே வேணும்? எக்கச்சக்கமா கீது. திருப்பிப் போட்டுக்கோ."

"வழவழப்புத் தாள் சித்தப்பா. ஈரம் உறிஞ்சாது," என்றாள் சோபியா. போஸ்டர்களை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

சுவரோரம் டைல்ஸ் பெட்டிகள் இருந்தன. கல்லறைக்கு ஒட்ட டேவிட் வாங்கி வந்தவை. உறவுக்காரர்கள் எல்லோரும் கறுப்பு கிரானைட் கேட்டார்கள். அவர் கொண்டுவந்தது குளியலறைக்குப் போடும் சாம்பல் நிறச் சொரசொரப்பு. "மழைல வழுக்காது" என்று காரணம் சொன்னார். "செத்தவன் எழுந்து வந்து வழுக்கி உழுவப் போறானா?" என்று கேட்டாள் சூசையம்மாள். அன்று சோபியாவும் அந்த டைல்ஸைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான்.

இப்போது ஒன்றை எடுத்து விரலால் தடவினாள். உதிராது. தின்ன முடியாது. வழுக்காது. துடைத்தால் போகும். பல்புச் சூட்டைப் பிடித்து வைக்கும். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெட்டிக்கு அளவெடுத்த மாதிரி. கழுவிக் காயவைத்து, ஓரங்களை உப்புத்தாளால் மழுக்கிப் போட்டாள். ஓணான் நான்கு காலையும் ஊன்றி நின்றது.

சனிக்கிழமை கொத்தனார் கல்லறையில் டைல்ஸ் ஒட்டினார். மாலை சித்தப்பா வந்தார். "கால்மாட்டுல ரெண்டு கொறையுது. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நெனக்கிறேன்."

"நான்தான் எடுத்தேன்."

அவர் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "சொல்லியிருந்தா வேற வாங்கியாந்து இருப்பேனே. இப்ப சிமென்ட்டு பூசிட்டான்."

"இருக்கட்டும்."

ஓணான் அன்றும் எச்சமிடவில்லை. தண்ணீரில் வைத்து வயிற்றை நீவும்போது அது கண்ணை மூடிக்கொண்டது. நாளைக்குச் சென்னை போக ஒரு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பிய சூசையம்மாள் வாசலில் நின்றுவிட்டாள். "அடியே, வந்து பாரு. அண்ணன் கல்லறைக் கல்லு மேல பேண்டு வெச்சிகீது."

சோபியா ஓடி வந்தாள். ஒரு குச்சியால் எச்சத்தைப் பிரித்தாள். மணல். நிறைய மணல். நடுவே ஒரு சிப்பிச் சில்லு. குச்சியை அப்படியே பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"பாவம்டி. தொடச்சிடு," என்றாள் அத்தை. "அவன் இன்னா நெனப்பான்?"

"நைனா ஒன்னும் நெனக்க மாட்டாரு. நீ பூசைக்குப் போ அத்தே."

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது. அதற்கு முருங்கைக்கீரை வைத்தாள். இரண்டு இலை தின்றது.

வெயில் இறங்கியதும் தனியாகக் கல்லறைக்குப் போனாள். டைல்ஸ் வரிசையாகத்தான் இருந்தது. கால்மாட்டில் மட்டும் சிமென்ட் வெளுத்துக் கிடந்தது. கொத்தனார் பூசியதோடு போய்விட்டார். இறுகும்வரை தண்ணீர் விட்டு நனைக்க யாருக்கும் தோன்றவில்லை. மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடத் தொடங்கியிருந்தது. கோயில் குழாயில் ஒரு குடம் பிடித்து வந்து மெதுவாக ஊற்றினாள். சாக்கை நனைத்து மேலே போர்த்தினாள். மறுநாளும் ஊற்றினாள். வேலைக்குத் திரும்பும்வரை தினமும் ஊற்றினாள்.

அப்பன் தாகத்துக்குப் பெண் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று சூசையம்மாள் ஊரெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்தினாள். சிமென்ட்டுக்குத்தான் என்று சோபியா யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை.