ஆயுத பூஜைக்கு வைத்த மாத்திரை

மருந்துக் கடையில் கூட்டம் நிற்கும்போது ஒருவர் மட்டும் ஓரமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றால், அவர் பையில் இருப்பது அடுத்தவர் கண்ணில் படக் கூடாத சீட்டு என்பது நம் தொழிலில் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் தெரியும்.

கடைசி ஆள் போகட்டும்

சங்ககிரியில் என் கடைக்குப் பொன்னுசாமி அண்ணன் அப்படித்தான் வந்தார். சொந்த லாரி வைத்திருப்பவர். அவர் பேசினால் எதிர்ச்சாரிக்குக் கேட்கும். அன்றைக்குக் குசுகுசுத்தார். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். சேலத்து டாக்டர் ஊசியோடு தினம் ஒரு மாத்திரையும் எழுதியிருந்தார். சில மாதம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில், இந்த நோயைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு இறங்கினால் மருந்து கேட்கிறது, இல்லாவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாராம்.

ஆண் ஹார்மோன்தான் இந்த நோய்க்குத் தீனி, அது உள்ளே போய்ச் சேராமல் மாத்திரை மறிக்கும் என்றேன். அண்ணன் அதை லாரிக் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்.

"லோடு வந்து நின்னாலும் எறக்க உடாம குடோன் கேட்டைச் சாத்திப்போடுதுன்னு சொல்லு தம்பி."

மழையில் வேர்வை

அடுத்த மாதம் மனைவி பாவாயி அக்காவோடு வந்தார். வெளியே நல்ல மழை. அண்ணனுக்கு மட்டும் உச்சந்தலையிலிருந்து வேர்த்துக் கொட்டியது. இந்த மருந்துக்கு இப்படித் திடீர்ச் சூடு வரும், மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்களுக்கு வருவது போலத்தான், டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். அக்கா முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

"எனக்கு வந்தப்ப, குளுருது ஃபேனை நிறுத்துன்னு கத்துன ஆளுங்க தம்பி இவரு. இப்ப நல்லா வேர்க்கட்டும்."

சந்தனம், குங்குமம், மாத்திரை

ஆயுத பூஜை முடிந்து, மாத்திரை தீர வேண்டிய நாளும் தாண்டியது. ஆளைக் காணோம். போன் போட்டால், இன்னும் நிறைய இருக்கிறது என்றார். எப்படி இருக்கும்? கிண்டிக் கேட்டதில் விஷயம் வந்தது. ஜாக்கி, ஸ்பானருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தவர், மாத்திரை அட்டைக்கும் வைத்துவிட்டார். பூஜையில் வைத்ததை, வண்டி முதல் லோடுக்குக் கிளம்பும்வரை தொட மாட்டாராம். அந்த வருடம் பார்த்து லோடு அமையவில்லை.

பரிசோதனை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. உடனே டாக்டரைக் கேளுங்கள் என்று கத்தினேன். விட்டதையெல்லாம் சேர்த்துப் போடாமல், வழக்கம்போல ஒன்றாகவே தொடரச் சொன்னாராம் டாக்டர். அதைச் சொல்லத் திரும்பக் கூப்பிட்ட அண்ணனிடம், மாத்திரைக்குப் போய் யாராவது பூஜை போடுவார்களா என்றேன்.

"எனக்கு இப்ப அதுதான தம்பி ஆயுதம்."

கடை நிறைய ஆள்

ரிசல்ட் வரும் நாளில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஏறியிருந்தால் என்ன செய்வது என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலக் கூட்டத்தில் அண்ணன் வந்தார். ஓரமாக நிற்கவில்லை. எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து பேப்பரை நீட்டினார். ஐம்பதைத் தாண்டியிருந்த அளவு இரண்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. நான் கவுன்டரைச் சுற்றி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன். அண்ணன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். பழைய குரல், எதிர்ச்சாரிக்கும் கேட்டது.

"ஒண்ணுக்குப் போக ராத்திரியெல்லாம் எந்திரிக்கிற ஆம்பளைங்க இருந்தா, என்னாட்டம் வெக்கப்பட்டு நிக்காம டாக்டருகிட்டப் போய்க் காட்டுங்க சாமி."

ஓரமாக ரோட்டைப் பார்த்து நின்ற இரண்டு பேர் மெதுவாக அவர் பக்கம் நகர்ந்ததைப் பார்த்தபோதுதான், ரகசியத்தைக் காக்க நாம் கடை வைத்திருந்தாலும் அதைப் போட்டு உடைக்க ஒரு லாரிக்காரர் வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.