முதலில் ரத்தம் ஊறட்டும்

பச்சரிசி டப்பாவுக்குள் என் கை இருந்தபோது அத்தை அடுப்படிக்குள் வந்துவிட்டார். கல்யாணமாகி ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமத்துக்கு நான் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வாய் நிறைய அரிசி. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மாமியார் திட்டப்போகிறார் என்று நின்றேன். அவரோ என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், வெளுத்திருந்த நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம்புட்டு நாளா தாயி இப்படித் திங்கிற?" என்று மட்டும் கேட்டார்.

பெரியவளான காலத்திலிருந்தே என்று எப்படிச் சொல்வது? பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்ன உட்கார்ந்தால் மதியத்துக்கு மேல் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கும். வேலைக்குப் போகிற பெண்களுக்கு உடம்பு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் அத்தை என்னைக் கம்பெனி வேனில் ஏறவிடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். நர்சம்மா விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். "ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. அரிசி திங்கத் தோணுறதும் அதனாலயா இருக்கும். இப்ப பிள்ளை உண்டானா ரெண்டு உசுருக்கும் சிரமம். உடம்பைத் தேத்திக்கிட்டு அப்புறம் பெத்துக்கோங்க" என்றார். டாக்டர் எழுதிய சத்து மாத்திரையைக் கொடுத்து, அதைப் போடும் நேரத்தில் டீ குடிக்கக்கூடாது என்றும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அத்தை மாத்திரைப் பொட்டலத்தை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வந்தார். பேரப்பிள்ளைக்காகக் குலசாமிக்கு அவர் நேர்ந்திருந்தது எனக்குத் தெரியும். சாலையோரத்துக் கரிசல் காட்டைப் பார்த்தபடி வந்தேன். என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்றுகூடத் தோன்றியது.

மாமாவும் என் வீட்டுக்காரரும் சாப்பிட்டு எழுந்தபின் சட்டியில் மிஞ்சியதை நாங்கள் இருவரும் வழித்துச் சாப்பிடுவதுதான் அந்த வீட்டு வழக்கம். அன்று அத்தை நாலு தட்டையும் ஒன்றாக எடுத்துவைத்தார். மாமா நிமிர்ந்து பார்த்தார். "இவளுக்கு ரத்தமில்லையாம். இனிமே எல்லாரும் ஒண்ணா உக்காருவோம். கொழம்புல கெடக்கிற கருவாடு நாலு பேருக்குந்தேன்" என்றார். மாமா நகர்ந்து எனக்கு இடம்விட்டார்.

ஊர்ப் பொங்கலுக்கு மாமாவின் அக்கா வந்திருந்தார். என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் விசேஷம் ஒண்ணுமில்லையா? ஆஸ்பத்திரில காட்டுனீகளா?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன். அத்தை வடை தட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: "நாங்கதேன் வேணாமின்னு இருக்கோம் மதினி. மொதல்ல அவளுக்கு ரத்தம் ஊறட்டும். பிள்ள எங்க போகப்போகுது?" அந்த 'நாங்க'வுக்குள் நானும் இருந்தேன். புகுந்த வீட்டில் எனக்குப் பயம் விட்டுப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

முதலில் மாத்திரை குமட்டியது, பிறகு பழகிவிட்டது. அரிசி டப்பாவை நினைக்காத நாட்கள் வந்தன. ரத்தம் ஏறியபின் உண்டானேன். பிரசவத்தன்று, ரத்தம் கொடுக்கவென்று தன் அண்ணன் மகன்களைக் கூட்டிவந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவைத்திருந்தார் அத்தை. தேவைப்படவில்லை. மகளைப் பார்த்துவிட்டு அவர்கள் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார்கள்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன அன்று அத்தை பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, நர்சம்மாவிடம் தன் விரலை நீட்டினார். "எனக்கும் குத்திப் பாருங்கம்மா. வயசாகிட்டுதுன்னே நெனச்சிக்கிட்டு இருந்துட்டேன்." முன்பு எனக்கு இருந்ததைவிட அவருக்கு ரத்தம் குறைவாக இருந்தது. டாக்டர் பார்த்து அவருக்கும் மருந்து கொடுத்தார்.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அத்தை விடிந்ததும் காட்டுக்குப் போய்க் களையெடுத்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறார். வாசலில் கால் கழுவும்போதே, "ஏத்தா, சோத்தப் போடு, பசிக்குது" என்கிறார். முன்பெல்லாம் அவர் வாயிலிருந்து 'பசிக்குது' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை.