பஸாலின் கட்டார் நம்பர்

போன் விஷயத்தில் ஊருக்கே புத்தி சொல்லும் ஆள் பஸால். கட்டாரில் ஏசி திருத்தும் வேலை. வருடத்துக்கு ஒரு தடவை கல்முனைக்கு லீவில் வருவார். வந்த அன்றே பழைய போன் மனைவி முனவ்வறாவின் கைக்குப் போய்விடும். எங்கள் பக்கத்துக் கட்டார் வீடுகளில் இதுதான் வழமை.

இந்தத் தடவையும் இரண்டு நாட்டு இ-சிம்களையும் புதுப் போனுக்கு மாற்றினார். ஊர் நம்பர் வந்துவிட்டது. கட்டார் நம்பர் வந்துகொண்டிருப்பதாகக் காட்டியது. வந்துவிடும்தானே என்று, "எல்லாத்தையும் அழிச்சிட்டு நீ பாவிச்சுக்க" என்று பழைய போனைக் கொடுத்துவிட்டு உறங்கப் போனார். பெரிய கெட்டிக்காரர்.

மறுநாள் சந்தையில் மீன் வாங்கும்போதுதான் பார்த்தார். கட்டார் நம்பர் வரவேயில்லை. இன்னும் பழைய போனில்தான் இருக்கிறது. அழிந்திருந்தால், தோஹாவில் சிம் கடைக்கு நேரில் போனால்தான் மீளும். தோஹா போகும் டிக்கெட்டைக் கம்பனி அனுப்புவதோ அந்த நம்பருக்குத்தான். முனவ்வறாவுக்குக் கோல் எடுத்தார், பதில் இல்லை. மீன்பையோடு ஆட்டோவில் ஏறினார். வழி நெடுகப் பயம்தான்.

"அழிச்சிட்டியா புள்ள?"

"இல்ல."

பஸாலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்."

"ஸுபஹு தொழுத கையோட இதுல அலாரம் அடிச்சிச்சு. என்ட பேர் போட்டிரிக்கி. என்ட நெனப்பு வாறத்துக்கும் உங்களுக்கு மணி அடிக்கணுமா?"

அந்தக் கோபத்தில்தான் முனவ்வறா சாட்சிக்கு அழிக்காமல் வைத்திருந்தார். பஸாலின் கோலுக்கும் பதில் கொடுக்கவில்லை.

பஸால் சிரித்துவிட்டார். "அது உனக்குக் கோல் எடுக்கிறத்துக்கு இல்ல, கோல வைக்கிறத்துக்கு. உன்னோட கதைச்சிட்டு இரிந்து ரெண்டு தரம் கம்பனி பஸ்ஸ விட்டுட்டன். அதுக்குப் பொறகுதான் அலாரம் வெச்சன்."

முனவ்வறா மீன்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார். சந்தோசத்தை மறைக்கத் தெரியாத மனுசி. அன்று சோற்றுக்கு மீனாணத்தோடு மீன் பொரியலும் இருந்தது.

அன்றே இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்து, கட்டார் நம்பர் வந்து சேரும்வரை பஸால் அசையவில்லை. பிறகு முனவ்வறா புதுப் போனை வாங்கி, அதே அலாரத்தைத் தன் கையாலேயே அதில் வைத்தார்.

"லீவுலதானே இரிக்கன், என்னத்துக்கு?"

"அடிக்கட்டுமே."

மறுநாள் விடிய அது அடித்தபோது, முனவ்வறா சொல்லிக்கொண்டிருந்த, மதினியின் புது வீட்டுக் கதை பாதியில் நின்றது. கையை நீட்டி அலாரத்தை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.